ஜீப்பிலிருந்து இறங்க மூன்று வழி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகள் வந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை என் மடியில் போட்டாள். நர்சிங் முடித்தவள். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போக ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும் என்று கோயம்புத்தூரில் கோச்சிங் சேர்ந்திருக்கிறாள். அங்கே கொடுத்த கட்டாம் அது. கெட் டவுன், த்ரோ அப் மாதிரி முந்நூறு ஃப்ரேசல் வெர்ப். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழில் ஒரே ஒரு சொல், நடுவில் ஒரு கோடு.

“மாமா, இதைத் தலைகீழா ஒப்பிப்பேன். ஆனா பரீட்சைப் பேப்பரைப் பார்த்தா ஒண்ணும் உதவ மாட்டேங்குது. கெட் டவுன்னா இறங்குன்னுதானே போட்டிருக்கு? ‘ஐ காட் டவுன் ஃப்ரம் தி பஸ்’னு எழுதுனேன். சிவப்புல சுழிச்சு வச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா அது அப்படித்தாங்கறாங்க.”

“அது அப்படித்தான்” என்கிற வாத்தியார்களிடம் நானும் படித்தவன்தான். அதனால் அடுப்பில் வைத்திருந்த காப்பியைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தப் பதிவு அன்றைக்கு அவளிடம் பேசியதும், அவள் போன பிறகு எனக்குத் தோன்றியதும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கொடைக்கானல் மலையில், வடகவுஞ்சியில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, நாலு பட்டர் ஃப்ரூட் மரம். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு கால் சென்டரில் ஆறு வருஷம் ராத்திரி ஷிஃப்ட்டில் வெள்ளைக்காரர்களிடம் திட்டு வாங்கிச் சம்பளம் வாங்கியவன். அந்தத் திமிரோடு ஊருக்குத் திரும்பிய புதிதில் நடந்த கதை இது.

பழனியிலிருந்து மேலே வரும் பஸ். ஐப்பசி மழை. வரதமாநதி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் கண்ணாடியெல்லாம் புகை மூட்டியதுபோல ஆகிவிட்டது. முன் சீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, காலடியில் பெரிய மூட்டைகள். வடகவுஞ்சிப் பிரிவில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சீட்டில் எழுதிக் காட்டியிருந்தார்கள். பிரிவு வந்தது. கண்டக்டர் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்று கிளம்பப் போகிறது. கடைசி சீட்டில் இருந்த நான், ஊரே கேட்கட்டும் என்று, “கெட் டவுன்! கெட் டவுன்!” என்று கத்தினேன்.

இரண்டு பேரும் சட்டென்று குனிந்து தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து எதிர்சீட்டுப் பாட்டி, மரக்கிளைதான் உள்ளே வருகிறது என்று நினைத்து அவரும் குனிந்தார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஒருவன் உரக்கக் “கெட் டவுன்!” என்று கத்தினால் இங்கிலீஷ்காரன் காதில் விழுவது “குனி, பதுங்கு, தரையோடு படு” என்பதுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் போலீஸ்காரர் கத்துகிற வார்த்தை. நான் கத்தியிருக்க வேண்டியது “கெட் ஆஃப்”. நிதானமாகச் சொல்லியிருந்தால் “திஸ் இஸ் யுவர் ஸ்டாப்” என்றாலே போதும்.

சரி, எப்போது எது? இங்கிலீஷ்காரன் வண்டிகளை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறான். நீங்கள் நிமிர்ந்து நின்று நடமாட இடம் இருக்கிற வண்டி ஒரு ஜாதி: பஸ், ரயில், கப்பல், விமானம். இவற்றில் கெட் ஆன், கெட் ஆஃப். மடங்கிச் சுருண்டு நுழைகிற வண்டி இன்னொரு ஜாதி: கார், டாக்ஸி, ஆட்டோ. இவற்றில் கெட் இன், கெட் அவுட். குதிரை, சைக்கிள், மோட்டார் பைக் மாதிரி மேலே ஏறி உட்காருவதெல்லாம் பஸ்ஸோடு சேர்ந்துகொள்ளும். கெட் டவுன் என்பது மரம், ஏணி, மதில், கூரை மாதிரி உண்மையிலேயே உயரத்தில் இருந்து தரைக்கு வரும்போது.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: “அப்ப நம்ம ஜீப்பு?”

நான் எதிர்பார்க்காத கேள்வி. எங்கள் பக்கத்து ஜீப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். டிரைவர் சீட்டில் டிரைவர் பாதிதான் உட்கார்ந்திருப்பார். மீதிப் பாதியில் இன்னொருவர். கியர் கம்பி யாரோ ஒருவருடைய முழங்கால் இடுக்கில் இருக்கும். கியர் மாற்றும்போதெல்லாம் அவர் காலை ஒதுக்க வேண்டும், அதற்கு யாரும் சிரிப்பதுகூட இல்லை. பின்னால் எதிரெதிர் பெஞ்சில் நாலு நாலு பேர், நடுவில் மிளகு மூட்டை, மூட்டைமேல் ஒரு குழந்தை. பின் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் மூன்று பேர். மேலே டாப்பில் பழனிக்குப் போகிற மலைவாழைத் தார்கள், பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே பழம். அந்தத் தார்களுக்கு நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பையன்கள்.

இந்த ஜீப் டீக்கடை முன்னால் நிற்கிறது. உள்ளே இருந்த பாட்டி கெட்ஸ் அவுட். படியில் தொங்கியவர் கெட்ஸ் ஆஃப். டாப்பில் இருந்த பையன் கெட்ஸ் டவுன். ஒரே வண்டி, ஒரே டீக்கடை, ஒரே நிமிஷம். தமிழில் மூன்று பேரும் செய்தது ஒன்றுதான்: இறங்கினார்கள்.

தமிழ் இறங்குகிறவனுடைய கால் தரையைத் தொட்டதா என்பதை மட்டும் பார்க்கிறது. இங்கிலீஷ் அவன் அதுவரைக்கும் எங்கே இருந்தான் என்று விசாரிக்கிறது: உள்ளேயா, ஒட்டிக்கொண்டா, உச்சியிலா? அவுட், ஆஃப், டவுன் என்கிற அந்தப் பொடிச் சொல்தான் அந்த விசாரணைக்குப் பதில். அதை விட்டுவிட்டுக் கோடு போட்டு “இறங்கு” என்று ஒரே சொல்லை எதிரில் எழுதினால் மனப்பாடம்தான் மிச்சம்.

பஸ்ஸில் “கெட் டவுன்” சொல்வது தமிழன் மட்டும் செய்கிற தப்பில்லை. மலையாளத்தில் இறங்ஙு, கன்னடத்தில் இளி, தெலுங்கில் திகு, இந்தியில் உதர்னா. எல்லாருக்கும் மரத்தில் இருந்தும் பஸ்ஸில் இருந்தும் ஒரே வினைதான். அதனால் இந்தியா முழுக்கவே பஸ்ஸில் இருந்து கெட் டவுன் ஆகிறது. பிரெஞ்சுக்காரனும் பஸ்ஸில் இருந்து “கீழே இறங்குகிற” ஆள்தான், அவனுடைய வினைச்சொல் அப்படி. சிங்கப்பூரில் இந்த வம்பே வேண்டாம் என்று ரயில் அறிவிப்பில் “அலைட்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. குதிரை வண்டிக் காலத்து இங்கிலீஷ் நாவல்களைப் புரட்டினால் கனவான்கள் கோச்சு வண்டியில் இருந்து கெட் டவுன்தான் ஆகிறார்கள். வண்டி உயரம், படி வைத்துத்தான் இறங்க வேண்டும். கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வந்தது முதல் உலகப்போர்க் காலத்தில்தான். அதுவரைக்கும் துரைகளும் துரைசானிகளும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து மட்டக் குதிரையிலும், கூலிகள் தோளில் சுமந்த நாற்காலியிலும் மேலே வந்தார்கள். தோளில் இருந்து இறங்குவதற்கு என்ன ஃப்ரேசல் வெர்ப் சொன்னார்களோ. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் எழுதிய கால்டுவெல் கடைசியில் 1891-ல் இந்தக் கொடைக்கானலில்தான் கண்ணை மூடினார். அவரிடம் கேட்டிருந்தால் இறங்குவதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருப்பார்.

ஆக, அவள் எழுதியதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசில்லை. நம்ம ஊர் இங்கிலீஷ் அது. ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவன் நம்ம ஊர் பஸ்ஸில் வந்தவன் இல்லை. மார்க் வேண்டுமென்றால் கெட் ஆஃப்.

இதற்குப் பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. பட்டியலைத் தூக்கித் திண்ணையில் வைத்துவிட்டு, “இறங்குங்கற சொல்லை நாம எங்கெல்லாம் போடறோம், சொல்லு பார்ப்போம்” என்றேன். மேகம் இறங்கிருச்சு என்றாள், வெளியே அப்போதுதான் எதிர்மலை மறைந்துகொண்டிருந்தது. காய்ச்சல் இறங்குச்சு, விலை இறங்குச்சு, சாமி இறங்குச்சு. அப்புறம் நான்: வேலையில இறங்கு. அவள் கண் விரிந்தது. “கெட் டவுன் டு ஒர்க்! அதேதான் மாமா!” அதேதான். பேச்சை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குவதற்கு அவனும் டவுன்தான் சொல்கிறான், நாமும் இறங்குதான் சொல்கிறோம். யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை.

சோறு தொண்டையில இறங்கல. கெட் இட் டவுன். மாத்திரையை விழுங்க முடியாத நோயாளி, “ஐ கான்ட் கெட் இட் டவுன்” என்பார். நாளைக்கு இவள் வார்டில் காதில் விழப் போகிற வாக்கியம் இது.

இன்னொரு கூத்து. மதுரையில் இருந்து ஆள் இறக்கினான், பம்பாயில் இருந்து மெஷின் இறக்கினான் என்று சொல்கிறோம் இல்லையா? இலங்கையில் தமிழரும் சிங்களவரும் பேசுகிற இங்கிலீஷில் கெட் டவுன் என்றாலே வெளியூரில் இருந்து வரவழைப்பது என்று ஒரு அர்த்தம் உண்டு. கொழும்பில் இருந்து டாக்டரை கெட் டவுன் பண்ணுவார்கள், லண்டனில் இருந்து புத்தகம் கெட் டவுன் பண்ணுவார்கள். லண்டன்காரனுக்கு இது புரியாது. இறக்குமதி என்ற சொல்லைத் தினம் பேப்பரில் படிக்கிற நமக்குச் சட்டென்று புரிகிறது.

ஒத்துப்போகாத இடங்களும் இருக்கின்றன. “திஸ் வெதர் இஸ் கெட்டிங் மீ டவுன்” என்றால் இந்த மேகமூட்டம் என் மனசைச் சோர்வாக்குகிறது என்று அர்த்தம். கார்த்திகையில் அஞ்சு நாள் தொடர்ந்து வெயிலே பார்க்காமல் வடகவுஞ்சியில் இருந்து பாருங்கள், இந்த வாக்கியம் ஏன் உண்டானது என்று விளங்கும். நமக்கோ மனசு இறங்கி வருவது என்றால் சோர்வு இல்லை, பிடிவாதம் தளர்வது. முருகன் இறங்கி வரணும் என்கிறோம். ஒரே பள்ளத்துக்கு அவன் துக்கத்தில் இறங்குகிறான், நாம் விட்டுக்கொடுத்து இறங்குகிறோம். “கெட் திஸ் டவுன்” என்றால் இதை எழுதிக்கொள். இங்கிலாந்தில் குழந்தை சாப்பிட்டு முடித்ததும் “மே ஐ கெட் டவுன்?” என்று கேட்டால் மேஜையை விட்டு எழுந்து போகலாமா என்று கேட்கிறது. இதற்கெல்லாம் தமிழில் வேறு வழி.

நர்ஸ் வேலைக்குப் போகிறவளுக்கு இது விளையாட்டில்லை. ஒரு கிழவர் படுக்கையில் இருந்தபடி, “இட்ஸ் ரியலி கெட்டிங் மீ டவுன்” என்கிறார். பட்டியலை ஒப்பித்தவள் கட்டிலில் இருந்து இறக்கிவிடச் சொல்கிறார் என்று கையைப் பிடிப்பாள். அவர் சொன்னதோ, மனசு ரொம்பச் சோர்ந்து கிடக்கிறேன் என்று. அதைக் கேட்டால் குறிப்பில் எழுதி டாக்டரிடம் சொல்ல வேண்டும். த்ரோ அப் என்றால் எதையும் மேலே எறியவில்லை, வாந்தி எடுத்தார். கம் ரவுண்ட் என்றால் சுற்றிக்கொண்டு வரவில்லை, மயக்கம் தெளிந்தார். இன்டர்வியூவில் “ஐ பாஸ்டு அவுட் லாஸ்ட் இயர்” என்று சொல்லாதே என்று தனியாகச் சொல்லி வைத்தேன். இங்கே நமக்கு அது படிப்பு முடித்தது. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்து நடத்துவதற்கும் பாஸிங் அவுட் பரேடு என்றுதான் பெயர். ஆனால் சாதாரணமாகக் கேட்கிற வெள்ளைக்காரனுக்கு, போன வருஷம் மயங்கி விழுந்தேன் என்று ஒரு நர்ஸ் வந்து சொல்கிறாள்.

“இதையெல்லாம் எப்படி மாமா ஞாபகம் வச்சுக்கறது? இங்கிலீஷ் மட்டும் ஏன் இப்படி?”

இங்கிலீஷ் மட்டும் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-ல் அகராதி போட்டபோதே, வினையோடு ஒட்டுகிற இந்தப் பொடிச் சொற்கள்தான் வெளியாட்களுக்குப் பெரிய கஷ்டம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டுப் போனார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பேரைப் பரப்பியது 1925-ல் வந்த லோகன் பியர்சல் ஸ்மித்தின் புத்தகம். பேர்தான் புதுசு. கஷ்டம் பழசு. ஆனால் இதே கஷ்டத்தை நாம் தினமும் அடுத்தவனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், நமக்குத் தெரிவதில்லை.

அவளிடம் இரண்டு வாக்கியம் சொன்னேன். அம்மா டீ போட்டுக் கொடுத்தா. உங்கம்மா உன்னைப் பத்தி எங்கிட்ட போட்டுக் கொடுத்தா.

ஒரு நொடி யோசித்தாள், பிறகு சிரித்தாள். “என்ன போட்டுக் கொடுத்தாங்க?” என்றாள்.

போடு, கொடு. இரண்டும் ஒன்றாம் வகுப்புச் சொல். சேர்ந்தால் டீயும் வரும், கோள்மூட்டலும் வரும். வெள்ளைக்காரன் அகராதியில் போடு என்பதையும் கொடு என்பதையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டாவது வாக்கியம் அவனுக்கு ஜென்மத்துக்கும் விளங்காது. அப்பாவைப் பஸ்ஸில் ஏத்திவிட்டேன், அவனை யாரோ நல்லா ஏத்திவிட்டிருக்காங்க. முதலாவது கை கொடுத்து உதவியது, இரண்டாவது தூண்டிவிட்டது. சொத்தை விட்டுக் கொடுத்தான், அவனை விட்டுப் பிடிப்போம், திட்டு வாங்கிக் கட்டிக்கிட்டான். வாங்கிய திட்டைக் கட்டி எங்கே வைப்பது?

நம் நாக்கு இதில் இன்னும் ஒரு படி நுட்பம். விடு என்பது நிஜமாகவே விடுகிற வேலையாக இருந்தால் முழுசாகச் சொல்கிறோம்: மாட்டை விட்டான். ஒட்டுச்சொல்லாக வந்தால் தேய்த்துவிடுகிறோம்: வந்துட்டான், போயிட்டான். அர்த்தம் கரைந்தால் ஒலியும் கரைகிறது. பேச்சுத் தமிழ் இலக்கணம் எழுதிய ஹரால்டு ஷிஃப்மன் மாதிரி ஆட்கள் இதை உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, விடு, கொள் போன்றவை துணைவினையாக வரும்போது தரும் அர்த்தங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நம் பள்ளிக்கூடத்தில்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தராமலே வந்துவிட்டதால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போச்சு.

இங்கிலீஷில் இது தலைகீழ். ஒட்டுச்சொல்தான் அழுத்திச் சொல்லப்படும். கெட் டவுன் என்பதில் அடி விழுவது டவுன் மேல். காதை அங்கே வைத்துக் கேள் என்றேன். கூடவே ஒரு விஷயம்: இட், தெம் மாதிரிக் குட்டிச் சொல் வந்தால் நடுவில்தான் நுழையும். கெட் இட் டவுன். கெட் டவுன் இட் கிடையாது. நம்மிடம் நடுவில் ஏ, தான் நுழையும்: விட்டே கொடுக்க மாட்டான், விட்டுத்தான் கொடேன். கோடு போட்ட பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

எங்கள் ஊர்ப் பேரே இப்படி ஒரு ஒட்டில்தான் ஓடுகிறது. கவுஞ்சி வேறு, வடகவுஞ்சி வேறு. கவுஞ்சி பூம்பாறை, மன்னவனூர் தாண்டி மேல்மலையில் இருக்கிறது. நாங்கள் பழனி ரோட்டுப் பக்கம். அந்த “வட”வை விழுங்கிவிட்டு அட்ரஸ் எழுதினால் பார்சல் மலையின் இன்னொரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கே ஒரு தடவை மிளகு உலர்த்தும் தார்ப்பாய் அப்படிப் போயிருக்கிறது.

மேல், கீழ் கணக்கும் ஊருக்கு ஊர் வேறு. எங்களுக்குக் கீழே என்றால் பழனி, மேலே என்றால் கொடைக்கானல். உயரம்தான் அளவு. இங்கிலீஷ்காரனுக்கு அந்தஸ்துதான் அளவு. எங்கிருந்து புறப்பட்டாலும் லண்டனுக்கு அப். லண்டனை நோக்கி வரும் ரயில் அப் லைன், விலகிப் போவது டவுன் லைன். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தால் அப், கெட்ட காரியம் செய்து துரத்தப்பட்டால் சென்ட் டவுன். கீழே அனுப்பிட்டாங்க என்று எங்கள் ஊரில் சொன்னால் பழனி ஆஸ்பத்திரிக்கு என்று அர்த்தம்.

ஒரு ஆறுதலும் சொன்னேன். ஃப்ரேசல் வெர்ப் தெரியாத தமிழனே கிடையாது. வினையாக எடுத்துக்கொள்ளாமல் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டோம், அவ்வளவுதான். லாக்கப்பில் வைத்தார்கள். பில்டப் கொடுக்கிறான். சினிமாவில் புது கெட்டப். தலைவருக்குக் கட் அவுட். ஏத்தத்தில் வண்டி பிக்கப் எடுக்கவில்லை. செட்டப் என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த அர்த்தத்தை நான் அக்கா மகளிடம் விளக்கவில்லை, அவளுக்குத் தெரியும் என்று முகத்தில் தெரிந்தது. இதில் ஒன்றையாவது பட்டியல் பார்த்தா படித்தோம்?

சாயங்காலம் அவளை கீழே போகிற பஸ்ஸில் ஏத்திவிட்டேன். நல்ல அர்த்தத்தில்தான். ஜெராக்ஸ் கட்டைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள், மறந்தா, வேண்டுமென்றா தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து போனில் மெசேஜ்:

“மாமா, சவரிக்காடு பக்கத்துல பஸ் பிரேக் டவுன். எல்லாரையும் இறக்கிவிட்டுட்டாங்க. வி காட் ஆஃப். சரியா? இங்க ஒருத்தர் பஸ் மேல ஏறி மூட்டையைப் பிரிக்கிறாரு. ஹீ ஹாஸ் நாட் காட் டவுன்.”